கல்லும் கடலும் போதா: வடபுலச் சரக்குப் போக்குவரத்தும் அரசுகளின் கூட்டுக் கடமையும்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை அறியாதார் எம்மிடையே மிகச் சிலரே. விழா மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் அந்நிகழ்ச்சி தவறாது நினைவுகூரப்படுகின்றது. நினைவுகூர்ந்து முடிந்ததும், கடலோடிகளின் பரம்பரையினர் நாம் என்ற பெருமிதத்தோடு கலைந்து செல்கின்றோம். அன்று மாலை சந்தையில் நாம் வாங்கும் பருப்பும் மிளகாயும் எவ்வழியே வந்தன என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் விடை பெருமை தருவதாக இராது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 60 கடல்மைல். ஆயினும் இந்தியாவிலிருந்து குடாநாட்டுக்கு வரும் பொருள்களிற் பெரும்பாலானவை கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, புறக்கோட்டை மொத்த வியாபாரியின் களஞ்சியத்திற் தங்கி, அதன்பின் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் லொறியிற் பயணஞ் செய்தே எம்மை அடைகின்றன. கண்ணெதிரே கிடக்கும் கடல் எமக்கு வழியாக இல்லை, வேலியாகவே இருக்கின்றது.

இந்நிலைக்கு மூன்று காரணங்கள் வழமையாகக் கூறப்படுகின்றன. நல்ல துறைமுகம் இல்லை என்பர் ஒரு சாரார். பணம் இல்லை என்பர் மற்றொரு சாரார். இந்தியாவுக்குப் பாலம் அமைந்தாலன்றி விடிவில்லை என்பர் மூன்றாஞ் சாரார். இம்மூன்றும் அரை உண்மைகள். அரை உண்மைகளாக இருப்பதனாலேயே எம்மை நீண்டகாலம் மயக்கி வந்துள்ளன. எமக்கு இல்லாதது, சம்பந்தப்பட்ட அரசுகள் கூடி இயற்றிக் கூடிக் காக்கின்ற ஒரு சரக்கு ஒழுங்கு. அது இல்லாதவரை எத்தனை இறங்குதுறை கட்டினும் அது கல்லாகவே கிடக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒழுங்கு என்னுஞ் சொல்லால் நான் கருதுவது யாது? எந்தக் கப்பல் எந்நாளில் வரும். அதன் பத்திரங்களை எவர் எத்தனை தடவை பார்ப்பர். சரக்குச் சேதமுற்றால் இழப்பை எவர் ஏற்பர். தாவர நோய்ப் பரிசோதனை எக்கரையில் நடைபெறும். எந்தப் பொருள் எந்தப் பருவத்தில் வரலாகாது என்பனவற்றை அரசுகள் முன்கூட்டியே இணங்கி எழுதிவைத்து, ஆட்சி மாறினும் மாறாது காப்பதையே ஒழுங்கு என்கின்றேன். இது மேனாட்டிலிருந்து இரவல் வாங்கிய கருத்தன்று. எமது மண்ணிலேயே கல்லிற் பொறிக்கப்பட்ட கருத்து.

நயினாதீவில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனத்தை வரலாற்று மாணவர் அறிவர். 12ஆம் நூற்றாண்டுக்குரிய அச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னன், ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகர் பாதுகாக்கப்படல் வேண்டும் என்று அதிற் கட்டளையிடுகின்றான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலங்கள் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும் என்றும், வாணிபச் சரக்குக் கொண்டுவருபவை உடைந்தாற் செம்பாகம் பண்டாரத்துக்கும் செம்பாகம் உடையவனுக்கும் சேரும் என்றும் அது வரையறுக்கின்றது. இச்சாசனத்தை மொழி ஆராய்ச்சிக்கும் அரசியல் வரலாற்றுக்கும் சான்றாகக் கொள்ளும் நாம், அதன் பொருளியற் கருத்தை ஊன்றி நோக்குவதில்லை. கப்பலை அழைக்க விரும்பிய அரசன் முதலில் வணிகனின் அச்சத்தை நீக்கினான். நட்டத்தை எவர் எவ்வளவு தாங்குவர் என்பதை முன்கூட்டியே கூறினான். அதனையும் வணிகன் விளங்கிக்கொள்ளும் மொழியிற் கூறினான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு சிங்கள மன்னன் ஒருவன் வடகரைத் துறைக்குத் தமிழிற் சட்டம் பொறித்தான் என்றால், இன்றைய அரசுகளுக்கு அது இயலாத காரியம் என்று எவரேனும் கூறுவாராயின், அதனை நாம் ஏற்கவேண்டியதில்லை.

காலனித்துவ ஆட்சிக் காலத்தில் நிகழ்ந்ததும் இவ்வுண்மைக்கே சான்றாகும். 1914இற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. தென்னிந்தியப் புகையிரதமும் இலங்கை அரசாங்கப் புகையிரதமும் தம் நேர அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டன. சென்னையில் வாங்கிய சீட்டோடு கொழும்புவரை பயணஞ் செய்யலாம் என்ற நிலை உருவாயிற்று. அந்த ஏற்பாட்டை நாம் மெய்சிலிர்த்துப் போற்றவேண்டியதில்லை. அது தோட்ட முதலாளிகளுக்குக் கூலியாட்களைக் கொண்டுவந்து சேர்த்த ஏற்பாடு. ஆயினும் அதனை நடத்தியது கடலின் ஆழமன்று, இரு நிருவாகங்களின் உடன்பாடே என்பதை மறுப்பதற்கில்லை. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்த சேவை 1984இல் இனப்போரின் நெருக்கடியால் நின்றது. புயல் அழித்ததை இராமேசுவரத்துக்கு நகர்ந்து மீட்டோம். அரசியல் அழித்ததை நாற்பது ஆண்டுகளாகியும் மீட்கவில்லை. இவ்விரண்டில் எது வலிய தடை என்பதை இவ்வொப்பீடே காட்டும்.

மறுபக்கத்தில், அரசின் துணையின்றித் தனி முயற்சியால் மட்டும் இக்கடலை வென்றுவிடலாம் என்று கருதுவோர் வ.உ.சிதம்பரம்பிள்ளையின் வரலாற்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1906இல் அவர் நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலக் கம்பனிக்கு எதிராகக் கப்பலோட்டிற்று. துணிவுக்கும் மக்கள் ஆதரவுக்கும் அங்கே குறைவிருக்கவில்லை. ஆனால் ஆட்சி எதிர்த்தரப்பில் நின்றது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், சில ஆண்டுகளிற் கம்பனியும் கலைந்தது. கடல் வாணிபம் அரசின் அனுமதியால் மூச்சுவிடும் தொழில் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தமிழ் உதாரணம் வேறில்லை.

இனி, அண்மைக்கால நிகழ்ச்சிகளை நோக்குவோம். போருக்குப் பின்னர்க் காங்கேசன்துறையில் மூழ்கிக் கிடந்த கப்பற் சிதைவுகள் இந்திய உதவியோடு அகற்றப்பட்டன. 2018இல் அத்துறைமுகத்தின் புனரமைப்புக்கென 45.27 மில்லியன் அமெரிக்க டொலர் இந்தியக் கடனுதவி ஒப்பந்தமாயிற்று. 2024இல் 61.5 மில்லியன் டொலரை நன்கொடையாகவே வழங்க இந்தியா இணங்கியது. 2014இல் யாழ்ப்பாணத்தை மீண்டும் எட்டிய புகையிரதப் பாதை 2015 தொடக்கத்திற் காங்கேசன்துறையை அடைந்தது. 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. ஒரு வாரத்துக்குள் பருவமழையைக் காரணங்காட்டி நின்றது. 2024 ஓகஸ்டில் வேறொரு கப்பலோடு மீண்டும் தொடங்கிற்று. ஆண்டின் இறுதியில் நின்று 2025 பெப்ரவரியில் மறுபடியும் தொடங்கிற்று. மாலைகளும் மங்கள வாத்தியங்களும் ஒவ்வொரு தொடக்கத்திலும் இருந்தன.

இவற்றையெல்லாம் குறைகூறுவது என் நோக்கமன்று. பிரிந்த உறவுகள் சந்திப்பதும் அடியார் தலங்களைத் தரிசிப்பதும் நல்லனவே. ஆனால் பயணிகள் கப்பலுக்கு அளிக்கப்பட்ட கவனத்திற் பத்திலொரு பங்கேனும் சரக்குக்கு அளிக்கப்பட்டதா? நினைத்தபோது ஒரு கப்பல் வந்து சரக்கிறக்குவது சேவையாகாது. விவசாயி அதனை நம்பிப் பயிரிடவும், கடைக்காரன் அதனை நம்பிக் கொள்வனவு செய்யவும் இயலும்போதே அது சேவை எனப்படும். அத்தகைய சேவை எமது கரையில் வேர்கொள்ளவில்லை. வணிகம் பயணியின் கைப்பொதிக்குள் ஒதுங்கி வரவேண்டியுள்ள நிலை, சரக்குக்கென நேரிய வாயில் இல்லாமையின் அடையாளமே.

சரக்கு வழி என்பது வியாபாரிகளின் இலாபத்துக்குரிய விடயம், மாணவருக்கும் அறிஞருக்கும் அதில் என்ன அக்கறை என்று சிலர் வினவலாம். ஒரே பாதையை நம்பிய நிலத்துக்கு அப்பாதை அடைபடும்போது நேர்வது என்ன என்பதை எம் பெற்றோர் அறிவர். 1990இன் பின்னான பொருளாதாரத் தடைக் காலத்திலும், 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னரும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் ஒரு கிலோ சீனிக்கும் எம் குடும்பங்கள் பட்ட பாடு ஏட்டுச் செய்தியன்று. 2006இன் பின் பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் கப்பல்கள் உணவிறக்கின. நவீன இறங்குதுறை இல்லாமலே இறக்கின. அக்காலத்திற் கப்பல் இருந்தது. அதனை அழைக்கும் உரிமை மட்டும் மக்களிடம் இருக்கவில்லை. போர் இல்லாத காலத்திலும் இயற்கை எம்மைச் சோதிக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலால் நாட்டின் வீதிகளும் புகையிரதப் பாதைகளும் பெருஞ்சேதமுற்றன. இரண்டாவது வழி என்பது ஆடம்பரமன்று, அது உயிர்காப்பு.

இவ்வாதத்துக்கு எதிராக எழும் கூற்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்வது பொருத்தமாகும்.

முதலாவது, பாலக் கனவு. 2023 யூலையில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டுத் தொலைநோக்கு ஆவணத்தில் தரைவழித் தொடர்புக்கான சாத்தியக்கூற்று ஆய்வு பற்றிய பேச்சு இடம்பெற்றது. பாலம் கட்டப்பட்டால் மகிழ்வோம். ஆனால் பாலமொன்றே தடையை நீக்கும் என்போர் வங்காள எல்லையைப் பார்த்தல் வேண்டும். பெற்றாபோலுக்கும் பெனாபோலுக்கும் இடையே கடலும் இல்லை, ஆறும் இல்லை. நல்ல வீதி உண்டு. ஆயினும் அங்கு லொறிகள் நாட்கணக்கிற் காத்துநின்றதும், எல்லையிற் சரக்கு இறக்கி மாற்றியேற்றப்பட்டதும் யாவரும் அறிந்தவை. வங்காளதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும் 2015 யூனில் மோட்டார் வாகன உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. பூட்டான் அதனை ஏற்று உறுதிப்படுத்தத் தயங்கியதால் அது தடங்கலுற்றது. வீதி இருந்தும் ஒழுங்கு முழுமையடையாத இடத்தின் நிலை இதுவாயின், பாலம் எமக்கு எதைத் தரும்? காத்துநிற்கும் இடத்தை மட்டுமே தரும்.

இரண்டாவது, பாதுகாப்புப் பற்றிய அச்சம். வடகரையைத் திறந்தாற் கடத்தல் பெருகும், தேசத்தின் இறைமை பாதிக்கப்படும் என்று தென்னிலங்கையிற் சிலர் கூறுவர். இக்கூற்று எவ்வளவு முரணானது என்பதைக் கொழும்புத் துறைமுகமே எடுத்துக்காட்டும். 2024இல் அத்துறைமுகம் 7 மில்லியனுக்கு மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. அவற்றுட் பெரும்பகுதி இலங்கைக்கு உரியதன்று. ஒரு கப்பலிலிருந்து இறக்கி மறு கப்பலில் ஏற்றப்படும் பிறநாட்டுச் சரக்கு. அதிலும் இந்தியாவுக்கு உரியதும் இந்தியாவிலிருந்து வருவதுமே மிகுதி. அயல்நாட்டுச் சரக்கைக் கையாண்டு வாழும் துறைமுகத்தைத் தலைநகரில் வைத்துக்கொண்டு, அதே அயல்நாட்டின் சரக்கு வடக்கே இறங்கினால் ஆபத்து என்று கூறுவது எந்நியாயம்? கடத்தலைப் பொறுத்தவரை, அது மூடிய வாயிலைச் சுற்றி வளர்வது. சுங்க அதிகாரியும் அட்டவணையும் உள்ள துறையைக் கடத்தற்காரன் விரும்புவதில்லை.

மூன்றாவது கூற்று எல்லாவற்றிலும் வலியது. அதனை எளிதிற் புறந்தள்ள முடியாது. இந்தியாவின் மலிவான வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் வந்து குவிந்தால் எம் விவசாயி என்னாவான் என்பதே அது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் எவ்வாறு செழித்தன என்பதும், 1977இன் பின்னர்ப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது அச்செழிப்பு எவ்வாறு சரிந்தது என்பதும் எமது பொருளாதார வரலாற்றின் மறக்கலாகாத அத்தியாயங்கள். ஆகவே விவசாயியின் அச்சம் மூடநம்பிக்கையன்று, அனுபவத்தின் பேறு.

எனினும் அந்த அனுபவம் உண்மையிற் கற்பிப்பது யாது? இந்திய வெங்காயம் இன்றும் வருகின்றது. கொழும்பு வழியாக வருகின்றது. காங்கேசன்துறை மூடியிருந்தமையால் எம் தோட்டக்காரன் பாதுகாக்கப்படவில்லை. இறக்குமதி வரி எப்போது கூடும், எப்போது குறையும் என்பது கொழும்பில் முடிவாகின்றது. அம்முடிவு யாழ்ப்பாணத்து அறுவடைக் காலத்தை எண்ணி எடுக்கப்படுகின்றதா என்பது ஒவ்வோராண்டும் விவசாயி பெருமூச்சோடு கேட்கும் கேள்வி. மூடிய துறை அவனது விளைபொருளைப் பாதுகாக்கவில்லை. அவன் வாங்கும் பொருள்களின் விலையை மட்டும் தூரத்தின் சுமையோடு உயர்த்தியது. அவனுக்கு உண்மையான பாதுகாப்பு எழுதப்பட்ட உடன்படிக்கையிலேயே கிட்டும். குறித்த பயிரின் அறுவடைக் காலத்தில் அப்பயிர் இத்துறைவழி வரலாகாது என்ற விதி அவ்வுடன்படிக்கையில் இடம்பெறல் வேண்டும். அதனை மீறினாற் கேள்வி கேட்கும் இடம் யாழ்ப்பாணத்திலேயே இருத்தல் வேண்டும். இதே விதி கொழும்புவழி இறக்குமதிக்கும் பொருந்தினாலன்றிப் பயனில்லை என்பதையும் நாம் துணிந்து கூறுதல் வேண்டும்.

நான்காவது, திரும்பும் சரக்குப் பற்றிய வினா. வரும் கப்பல் நிறைந்து வந்து வெறுமையாகத் திரும்புமாயின் கட்டணம் இரட்டிக்கும். சேவை சில மாதங்களில் மடியும். குடாநாட்டிலிருந்து ஏற்றுவதற்கு என்ன உண்டு? ஒரு காலத்திற் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. பனைமரமும் சங்கும் அக்கரைக்குச் சென்றன. அக்காலம் மீண்டும் வரும் என்று நான் கூறேன். பனம்பொருள், கருவாடு, நண்டு முதலியன உண்டு. அவை ஒரு கப்பலை நிரப்பப் போதா. இவ்வுண்மையை மறைத்து, துறை திறந்தவுடன் ஏற்றுமதி பெருகும் என்று முழங்குவோர் மக்களை ஏமாற்றுகின்றனர்.

இதற்கு விடை, காங்கேசன்துறையைத் தனித்த துறையாக எண்ணாது ஒரு கடற்பாதையின் நிலையமாக எண்ணுவதிலேயே உள்ளது. திருகோணமலையிற் பெரும் மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் உள்ளன. குடாநாடு மாவும் சீமெந்தும் உண்டு வாழ்கின்றது என்றாற் பிழையாகாது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டபின் சீமெந்தும் எமக்கு வெளியிலிருந்தே வருகின்றது. நாகபட்டினத்திலோ காரைக்காலிலோ புறப்படும் ஒரு சிறு கப்பல், காங்கேசன்துறையிற் சரக்கிறக்கித் திருகோணமலைக்குச் சென்று, அங்கிருந்து வடக்குக்குரிய பாரமான பொருள்களை ஏற்றிவந்து, பின்னர் இருகரையின் பொருள்களோடும் திரும்புமாயின் வெறுமை குறையும். ஆனால் தம் உள்நாட்டுத் துறைகளுக்கிடையே பிறநாட்டுக் கப்பல் சரக்கேற்றுவதை நாடுகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆகவே இங்கும் தடையாக நிற்பது கடலன்று, விதியே; அதனைத் தளர்த்தும் அதிகாரம் ஒப்பந்தத்துக்கே உண்டு.

ஐந்தாவது, கடற்றொழிலாளரின் கவலை. இழுவைமடிப் படகுகளால் வலைகளையும் வளங்களையும் இழந்த மயிலிட்டி, வடமராட்சிக் கடற்றொழிலாளர், இந்தியா என்ற சொல்லைக் கேட்டாலே ஐயுறுவது இயல்பு. இழுவைமடி முறையை இலங்கை 2017இற் சட்டத்தாலே தடைசெய்தது. பிணக்கோ இன்னும் தீரவில்லை. சரக்குக் கப்பலின் பாதையும் நேரமும் அவர்களோடு பேசித் தீர்மானிக்கப்படாவிடின், ஒரு சாராரின் வாழ்வை அழித்து மறுசாராருக்கு வழிசமைத்தவராவோம். ஆயின் ஒன்றையும் எண்ணிப்பார்க்க: இரு நாடுகளும் இக்கடலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கைது, விடுதலை, எல்லை என்ற மூன்றையே பேசுகின்றன. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கடலிற் கோடு வரைந்தன. கோட்டைக் கடந்து ஒழுங்காக எவ்வாறு பழகுவது என்பதை வரையும் பணி எஞ்சி நிற்கின்றது.

அரசுகள் கூடி இத்தகைய ஒழுங்கை உருவாக்குவது சாத்தியமோ என்று ஐயுறுவோர்க்கு உலக வரலாறு விடைகூறும். றைன் நதி ஒரு காலத்தில் எண்ணற்ற சிற்றரசர்களின் ஆயத்துறைகளாற் கூறுபட்டுக் கிடந்தது. 1815இன் வியன்னா மாநாட்டில் அந்நதியின் கப்பற் போக்குவரத்துக்கென ஒரு கூட்டு ஆணைக்குழு தோற்றம் பெற்றது. 1868இன் மன்ஹைம் உடன்படிக்கை அதனை உறுதிப்படுத்தியது. அவ்வாணைக்குழுவின் உறுப்பு நாடுகள் அதன்பின் ஒன்றோடொன்று பெரும் போர்களைப் புரிந்தன. ஆயினும் ஆணைக்குழு இன்றும் ஸ்ராஸ்பேர்க் நகரில் இயங்குகின்றது. நட்பு முதிர்ந்தபின் ஒழுங்கு வரும் என்று காத்திருந்தால் றைன் நதியில் இன்றும் ஆயமே வசூலிக்கப்படும்.

ஐரோப்பா தொலைவில் உள்ளது என்பார்க்கு அயலிலேயே உதாரணம் உண்டு. விடுதலைபெற்ற வங்காளதேசம் 1972இல் இந்தியாவோடு உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து உடன்பாட்டைச் செய்துகொண்டது. இருபுறமும் ஆட்சிகள் மாறியும் அது பல தடவை புதுப்பிக்கப்பட்டது. 2015இல் அவ்விரு நாடுகளும் கரையோரக் கப்பற் போக்குவரத்து உடன்படிக்கையிலும் கைச்சாத்திட்டன. அதற்கு முன்னர் அருகருகேயுள்ள அவ்விரு நாடுகளின் சரக்குக் கொழும்பு, சிங்கப்பூர் போன்ற தூரத்துத் துறைகளைச் சுற்றிச் செல்லவேண்டியிருந்தது. அங்கு நீங்கிய சுற்றுவழி இங்கு மட்டும் ஏன் நிலைத்திருத்தல் வேண்டும்? மேலும், 2025 ஏப்ரிலில் பாங்கொக்கில் நடைபெற்ற பிம்ஸ்ரெக் மாநாட்டையொட்டி ஏழு உறுப்பு நாடுகளும் கடற்போக்குவரத்து ஒத்துழைப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. இலங்கையும் இந்தியாவும் அவற்றுள் அடங்கும். எனவே சட்டகம் புதிதாகப் படைக்கப்படவேண்டியதில்லை. அதனுட் பாக்கு நீரிணையை எழுதுவதே எஞ்சியுள்ள வேலை.

எழுதுவது எவர் என்பதிலேதான் எமது கவனம் ஊன்றுதல் வேண்டும். 1998இற் கைச்சாத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில், இலங்கைத் தேயிலையும் ஆடையும் தொடக்கத்தில் இந்தியாவின் குறிப்பிட்ட சில துறைகளின் வழியே மட்டும் செல்லலாம் என்று விதிக்கப்பட்டிருந்தது. வரியைக் குறைத்த கையே வாயிலை ஒடுக்கியது. சிறு விதியொன்று பெரும் ஒப்பந்தத்தை எவ்வாறு முடக்கும் என்பதற்கு இது பாடம். மேசையிற் கரையோர மக்கள் இல்லாதவிடத்து இத்தகைய விதிகள் கண்ணிற் படாமலே நுழைந்துவிடும்.

அக்கரையையும் நாம் ஒரே அரசு என்று எண்ணுதல் தவறு. நாகபட்டினம் தமிழ்நாட்டின் கடல்சார் வாரியத்துக்கு உட்பட்ட சிறு துறைமுகம். அதற்கு அண்மையிலுள்ள காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த, தனியார் நடத்தும் துறைமுகம். தூத்துக்குடியின் பெருந்துறைமுகமும் சுங்கமும் வெளியுறவும் புதுடில்லியின் கையில். இக்கரையில் 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி துறைமுகமும் வெளிநாட்டு வர்த்தகமும் மத்தியின் ஒதுக்கிய நிரலில் உள்ளன. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபருடன் முடிவுற்று, அதன்பின் நெடுங்காலம் தேர்தலும் நடைபெறவில்லை. அக்கரையில் மாநிலத்துக்கு ஓரளவு குரல் உண்டு. இக்கரையில் மாகாணத்துக்கு அக்குரலும் இல்லை. இந்நிலையில் இரு தலைநகரங்களும் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் பெரும் கம்பனிகளின் தேவையை மட்டுமே நிறைவேற்றும். அது நடந்தபின், வளர்ச்சி வந்தது ஆனால் எமக்கு வரவில்லை என்று இதே மலரில் வேறொரு மாணவர் கட்டுரை எழுதவேண்டி நேரும்.

ஆகவே எமது கோரிக்கை தெளிவாதல் வேண்டும். பாக்கு நீரிணைச் சரக்குக்கென ஒரு நிலையான கூட்டுச் சபை அமைதல் வேண்டும். அதில் இரு மத்திய அரசுகளோடு தமிழ்நாடு, புதுச்சேரி, வடமாகாணம் ஆகியவற்றுக்கும், விவசாயிகள், கடற்றொழிலாளர், கூட்டுறவுச் சங்கங்கள், சிறு வணிகர் ஆகியோருக்கும் ஆசனம் இருத்தல் வேண்டும். ஒரு கரையிற் பார்த்த பத்திரத்தை மறுகரை ஏற்றல் வேண்டும். தாவர, உணவுப் பரிசோதனை காங்கேசன்துறையிலேயே நடைபெறல் வேண்டும். ஒரு பெட்டி விதையைப் பரிசோதிக்கக் கொழும்புக்கு அனுப்பும் துறை, துறை எனப்படாது. வாடைக்காற்றுக் காலத்திற் சேவை நிற்குமாயின், அது நிற்கும் நாளும் தொடங்கும் நாளும் ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படல் வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் பருவத்தை எண்ணியே காலங்காலமாகத் தொழில் நடத்துகின்றன. பருவமழை எவருக்கும் புதிதன்று. முன்னறிவிப்பின்றி நிற்பதே வணிகனைக் கொல்கின்றது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் விதிகளும் கட்டணங்களும் துறையின் வாயிலில் எழுதப்படல் வேண்டும். நயினாதீவுக் கல் இக்கடைசிக் கோரிக்கையை முன்னரே நிறைவேற்றியிருக்கின்றது.

இதிற் பல்கலைக்கழகத்தின் பங்கு யாது? புவியியல், பொருளியல், வரலாற்றுத் துறைகள் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரு மூடை சின்ன வெங்காயம் சுன்னாகத்திலிருந்து தம்புள்ளையை அடையும்வரை எத்தனை கைமாறுகின்றது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு தங்குகின்றது என்பதை ஆண்டுதோறும் அளந்து வெளியிட எவரின் அனுமதியும் வேண்டியதில்லை. அக்கணக்கு கையில் இருந்தால், மேசையில் எமக்கு ஆசனம் மறுக்கப்படினும் எமது கேள்வி மறுக்கப்பட முடியாததாகும். அது இல்லாதவரை எமது குரலை உணர்ச்சி என்று ஒதுக்கிவிடுவது அதிகாரிக்கு எளிது.

அன்னபூரணியைக் கட்டியவர்கள் வல்வெட்டித்துறைத் தச்சர். குளொஸ்ரர்வரை ஓட்டிச் சென்றவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். விலைகொடுத்து வாங்கிச் சென்றவர் ஓர் அமெரிக்கர். கப்பல் சென்ற கதையையே நாம் இதுவரை பாடிக்கொண்டிருக்கின்றோம். கப்பல் வரும் நாளைக் கேட்கத் தொடங்குவோமாயின், அக்கேள்வி கொழும்பிலும் சென்னையிலும் புதுடில்லியிலும் கேட்கும்வரை ஓயாதிருப்போமாயின், அன்று அக்கடலோடிகளின் பரம்பரையினர் என்று கூறிக்கொள்ளும் தகுதி எமக்கு உண்டாகும்.